கதவு மூடியே வரட்டும்

புது வீட்டுக்குக் குடிபோனதும் பூட்டை மாற்றுகிறோம். முன்பு இருந்தவரிடம் ஒரு சாவி இருக்கலாம் அல்லவா? வீட்டிலுள்ள இணைய மோடத்தின் பூட்டைப் பற்றி நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் கர்நாடக வட்டத்தில் பல பிராட்பேண்ட் மோடங்களை ஒரு கெடுநிரல் தாக்கியது. இணையம் நின்று போனது. தாக்குதலுக்கு ஆளானவை, தொழிற்சாலையில் வைத்த ‘அட்மின்’ என்ற கடவுச்சொல்லை மாற்றாத மோடங்கள். அதை உடனே மாற்றும்படி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

மாற்றாதவர்மேல் பழி போடுவது எளிது. ஆனால் மோடத்துக்குக் கடவுச்சொல் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. விளக்கு எரிந்தால் போதும் என்றிருப்பவர்களே அதிகம். ஆகவே கருவி விற்பனைக்கு வரும்போதே மூடிய கதவோடு வர வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பதற்குச் சட்டம் தடை விதித்துள்ளது.

இது நம் வீட்டோடு முடிகிற விஷயமும் அல்ல. 2016இல் ‘மிராய்’ என்ற கெடுநிரல், இத்தகைய கடவுச்சொற்கள் அறுபதைச் சற்றே தாண்டிய ஒரு பட்டியலை வைத்துக்கொண்டே, உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் அப்படிப்பட்ட கருவிகளை ஏவித்தான் டிவிட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களை அமெரிக்காவில் பலர் பார்க்க முடியாமல் செய்தார்கள்.

“மூடிவிட்டால், சேலத்தில் தனியாக இருக்கும் அம்மாவைப் பெங்களூரிலிருந்து கேமராவில் எப்படிப் பார்ப்பது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலான கேமராக்கள் தாமே வெளியே சென்று நிறுவனத்தின் கணினியோடு தொடர்புகொள்கின்றன. அதற்கு, வெளியார் நுழையும் வாசல் திறந்திருக்கத் தேவையில்லை. வேறு வழி தேவையென்றால் அதை மட்டும் நாமே தெரிந்து திறந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. பழைய முறையில் ரூட்டர், வீட்டுக் கருவிகளையெல்லாம் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைத்து வைத்தது. ஐ.பி.வி.6 முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைக்கிறது. அந்தத் திரை விலகும்போது, ரூட்டரிலுள்ள ‘ஃபயர்வால்’ என்னும் தடுப்புச் சுவரே காவல்.

எனவே வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு மூன்று வேலைகளைச் செய்யுங்கள்:

1. மோடம், ரூட்டர், கேமராவின் கடவுச்சொற்களை மாற்றுங்கள்.
2. ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள்.
3. வெளியிலிருந்து இயக்கும் வசதி தேவையில்லையெனில் நிறுத்துங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா வீட்டிலும் இதையே செய்துவிட்டு வாருங்கள்.