குழந்தைக்குப் பெயரிடுதல்
(இல்லறத்தார்க்கு ஒரு பாடம்)



திரிசரணம் ஏற்ற இல்லமொன்றில் குழந்தை பிறந்ததும், சுற்றத்தாரும் நண்பரும் முதலாவதாகக் கேட்பது, "என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்?" என்பதே. பாட்டி ஒரு பெயர் சொல்லுவாள். மாமன் வேறொன்று சொல்லுவான். சங்கத்து நண்பர் மற்றொன்று சொல்லுவார். இவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, யாருடைய மனமும் நோகாமல் முடிவுக்கு வருவது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. பெயர் சிறு காரியமன்று

மனுதரும சாத்திரத்தின் 2ஆம் அத்தியாயம் பெயரிடும் முறையையும் விட்டுவைத்ததில்லை. பிராமணனுடைய பெயர் மங்களத்தையும், க்ஷத்திரியனுடைய பெயர் வலிமையையும், வைசியனுடைய பெயர் செல்வத்தையும், சூத்திரனுடைய பெயர் இழிவையும் குறித்தல் வேண்டுமென அது விதிக்கின்றது. தொட்டிலில் கிடக்கும் மகவின் மீதே தாழ்வைச் சுமத்திய விதி இது. இந்நூலையே 1927 டிசம்பர் 25இல் மகாத் நகரில் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் கூடியோர் எரியூட்டினர். ஆகவே நல்ல பொருளுடைய பெயரை நம் மக்களுக்கு நாமே தேர்ந்தெடுத்துச் சூட்டுவது, நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட உரிமையொன்றை மீட்பதாகும்.

2. பெயரே பெருமை தாராது

ஆயினும் பெயரில் மயங்குதலும் தகாது. நாமசித்தி ஜாதகத்திலே, 'பாபகன்' என்னும் பெயருடைய மாணவன் ஒருவன், அப்பெயர் தீயதெனக் கருதி வேறு பெயர் தேடி ஊர்தோறும் திரிந்தான். உயிர் வாழ்வோன் எனப் பொருள்படும் 'ஜீவகன்' பிணமாய்ச் செல்லக் கண்டான். செல்வத்தைக் காப்பவள் எனப் பெயர் பெற்ற 'தனபாலி' கூலி கொணராமையால் அடியுண்ணக் கண்டான். வழிச்செல்வோன் என்னும் 'பந்தகன்' வழி தவறித் திகைக்கக் கண்டான். பெயர் அடையாளமேயன்றி வேறன்று எனத் தெளிந்து, தன் பெயரோடே ஆசிரியரிடம் மீண்டான்.

பகவானுடைய மைந்தர் இராகுலரின் பெயர் தளை என்னும் பொருளில் இடப்பட்டதென்பர். அவரோ தளையறுத்து, பயிற்சியில் ஆர்வமுடையோருள் முதல்வர் எனப் புகழப்பட்டார். வாசெட்ட சூத்திரத்திலும், பெயரும் கோத்திரமும் உலக வழக்கில் இடப்பட்டவையே, மனிதன் தன் செய்கையாலேயே உயர்ந்தோனும் தாழ்ந்தோனும் ஆகிறான் எனப் பகவான் விளக்கியருளினார். ஆதலின் இழிவுப் பெயரை நீக்குக. பெயரால் மட்டும் உயர்வு வருமென்றும் எண்ணற்க.

3. நாளும் கோளும் வேண்டா

பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டுமென்று உறவினர் சிலர் வற்புறுத்துவர். நட்சத்திரத்தை நோக்கிக் காத்திருந்து மணப்பெண்ணை இழந்தவர் கதையை நட்சத்திர ஜாதகம் கூறுகின்றது. "சித்தார்த்தருக்குப் பெயரிட்ட நாளில் எண்மர் அந்தணர் குறி பார்த்தனரே" எனச் சிலர் வினவலாம். பகவான் புத்தரானது அக்குறியாலன்று. தமது முயற்சியாலும், நடுவழியைக் கண்டு நின்றமையாலுமே என்பதை அவர்க்கு அமைதியாய் எடுத்துரைக்க.

4. கூடிப் பேசும் முறை

பலர் கூடிப் பெயரிடுவது தமிழர்க்குப் புதிதன்று. மாதவி மகளைப் பெற்றபோது முதிய கணிகையர் பெயரிடக் கூடினர் என்றும், நடுக்கடலில் தன் முன்னோனைக் காத்த தெய்வத்தின் பெயரைக் கோவலன் நன்றியோடு கூற, அதுவே குழந்தைக்குச் சூட்டப்பட்டதென்றும் சிலப்பதிகாரம் சொல்லும். அம்மணிமேகலையே பின்னர் அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்த பௌத்தத் துறவியானாள்.

ஒற்றுமையாய்க் கூடி ஒற்றுமையாய்ப் பிரியும்வரை வஜ்ஜியர்க்குக் கேடில்லை என்றார் பகவான். குடும்பத்துக்கும் அதுவே விதி. முதலில் பெற்ற தாயின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். பத்து மாதம் சுமந்தவளைக் கேளாமல் முடிவு செய்தல் முறையன்று. பின்னர் தாயும் தந்தையும் நான்கைந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு, இருவீட்டுப் பெரியோரிடமும் நண்பரிடமும் காட்டுக. உரக்கக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுக. பள்ளிப் பிள்ளைகள் ஏளனமாய்த் திரிக்கக்கூடிய பெயரென்றால் நண்பரே முதலில் கண்டு சொல்லுவர்.

தம்மத்தை இன்னும் ஏற்காத பாட்டனார் குலதெய்வத்தின் பெயரைக் கேட்டால் சினத்தல் ஆகாது. அவ்விருப்பத்தின் காரணத்தை வினவுக. பெரும்பாலும் அது தெய்வத்தின்பாலுள்ள பற்றைவிட, தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி உழைத்துக் குடும்பத்தைக் காத்த தம் தந்தையின் நினைவாகவே இருக்கும். அவர் முனுசாமி எனின், சாக்கியமுனி என்பது பகவானின் திருப்பெயரே என்பதை நினைவூட்டி, முனி என்னும் சொல்லமைந்த பெயரைத் தேடலாம். அவர் தருமன் எனின், தருமராசன் என்பதும் பகவானின் பெயரே. இங்ஙனம் முன்னோர்க்கு நன்றியும் நிற்கும், தம்மமும் வழுவாது.

நன்றியால் பெயர் கொண்டதற்கு நம் அயோத்திதாச பண்டிதரே சான்று. 1845இல் பிறந்த அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே அவர் தம் பெயராக ஏற்றார். அப்பெயராலேயே 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார்.

5. கொள்ளத்தக்க பெயர்கள்

ஆண்மக்கட்கு: சித்தார்த்தன், கௌதமன், ஆனந்தன், இராகுலன், அசோகன், நாகசேனன், அறவாழி, அறிவழகன். குப்பை கூட்டும் தொழிலிலிருந்து வந்து பிக்குவாகி வணங்கப்பெற்ற சுனீதரின் பெயரை நாம் மறத்தல் கூடாது. பெண்மக்கட்கு: கௌதமி, யசோதரை, சுஜாதை, விசாகை, கேமா, சங்கமித்திரை, மணிமேகலை, ஆதிரை. பெயரின் பின்னே சாதிப்பட்டம் எதுவும் சேர்த்தல் வேண்டா. தந்தையின் முதலெழுத்தோடு தாயின் முதலெழுத்தையும் சேர்ப்பது நன்று.

பௌத்தப் பெயரிட்டால் அரசு தரும் உரிமை போய்விடுமோ என அஞ்சுவோர் உளர். பட்டியல் வகுப்பாருள் பௌத்தரானோர்க்கும் அவ்வுரிமை உண்டென 1990இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே அச்சத்தால் பெயரை மறைக்க வேண்டுவதில்லை.

6. விழாவும் பதிவும்

விழா எளிதாயிருக்கட்டும். விகாரையிலோ வீட்டிலோ விளக்கேற்றி, திரிசரண பஞ்சசீலம் ஓதி, மங்கள சூத்திரம் படித்து, பெற்றோர் இருவரும் பெயரை மும்முறை கூறுக; கூடியோர் அப்பெயரால் குழந்தையை அழைத்து வாழ்த்துக. கடன்பட்டு விருந்திடுவதினும் பசித்தோர் சிலர்க்குச் சோறிடுவது மேல்.

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். அப்போது பெயர் முடிவாகாவிடினும், பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின் 15 ஆண்டுவரை கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆதலின் ஆய்ந்து முடிவு செய்யக் காலம் உண்டு; சோம்பியிருக்கக் காலம் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாதலால், எழுத்துப் பிழையின்றிப் பதிவு செய்தல் மிக அவசியம்.

பெயரை நாம் கொடுக்கலாம். அதற்குப் பொருளைக் குழந்தை தன் நற்செய்கையால்தான் கொடுக்க வேண்டும். அச்செய்கையைக் கற்பிப்பது, பெயர் சொல்லக் கூடிய நம் எல்லோருடைய கடமையுமாகும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆராய்வதற்கு வினாக்கள்:

1. பாபகன் தன் பெயரை மாற்றாமலே மீண்டான். நாமோ இழிவுப் பெயர்களை நீக்குகிறோம். இவ்விரண்டும் முரணாகாமை எங்ஙனம்?
2. உங்கள் இல்லத்துப் பெரியோர் பெயர்களுள் தம்மத்தோடு பொருந்துவன எவை?
3. பெயரிடும் ஆலோசனையில் தாயின் சொல் முதலில் கேட்கப்படுகின்றதா?

மங்களம் உண்டாகுக.