முகவரி இல்லாத மாணவர்கள்: கேள்வி – பதில்

கேள்வி: நடைபாதையில் வசிக்கும் குடும்பத்தின் ஏழு வயதுச் சிறுமிக்குப் பிறப்புச் சான்றிதழும் இல்லை, ஆதாரும் இல்லை. பள்ளியில் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறதா? (தலைமையாசிரியை, வட சென்னை)

பதில்: இடம் தருவது மட்டுமன்று, சேர்த்தே தீர வேண்டும் என்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கூறுகிறது. ஆதார் இல்லாமையும் காரணமாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று அளித்த தீர்ப்பில் தெளிவுபடுத்திவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இக்கேள்வி தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்து வருவது வருத்தத்திற்குரியது.

கேள்வி: ஆகஸ்டு மாதம் முடிந்த பின் வந்தால்? (அதே பள்ளியின் உதவி ஆசிரியர்)

பதில்: அப்போதும் சேர்க்க வேண்டும். அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு.

கேள்வி: பதினொரு வயதுச் சிறுவன் இதுவரை பள்ளிக்கே போனதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குவதுதானே முறை? (தன்னார்வலர், திருச்சி)

பதில்: முறையன்று. சட்டத்தின் 4ஆம் பிரிவு இத்தகைய குழந்தையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, உடன் பயிலும் மாணவர்களுக்கு ஈடாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி அளிக்கச் சொல்கிறது. இப்பயிற்சி குறைந்தது மூன்று மாதமும் தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரையும் நீளலாம் என்பது மத்திய அரசின் மாதிரி விதி. ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் உட்கார வைக்கப்படும் பதினொரு வயதுச் சிறுவன் கூச்சத்தினாலேயே நின்றுவிடுவான்.

கேள்வி: பாலத்தடியில் வசிக்கும் மாணவன் நாள்தோறும் தாமதமாக வருகிறான், வகுப்பில் தூங்குகிறான், நோட்டுப் புத்தகமும் கொண்டுவருவதில்லை. கண்டிக்காமல் எப்படித் திருத்துவது? (ஆசிரியர், மதுரை)

பதில்: கண்டிப்பதற்கு முன் அச்சிறுவனின் இரவு எப்படிக் கழிகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தெருவில் வசிக்கும் குடும்பங்களால், கடைக்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சென்ற பிறகோ சாலையில் நடமாட்டம் ஓய்ந்த பிறகோதான் பாய் விரிக்க முடிகிறது. தூய்மைப் பணியாளர்கள் பெருக்க வருவதற்குள் அதைச் சுருட்டியாக வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் லாரிகளின் இரைச்சலும் கொசுவும் உறங்க விடுவதில்லை. விடிந்தால் தெருக்குழாயில் குடத்துடன் ஒரு வரிசை, பொதுக் கழிப்பறையில் மற்றொரு வரிசை. இத்தனையையும் கடந்து பிரேயர் முடிந்த பிறகாவது வாசலில் வந்து நிற்கும் பிள்ளை படிக்க விரும்புகிற பிள்ளை என்பதில் ஐயமில்லை. நோட்டுப் புத்தகங்கள் தார்ப்பாய்க்கு அடியில் கோணிப்பையில் கிடந்து ஒரே மழையில் ஊறிப்போகின்றன; எனவே வகுப்புப் பீரோவில் ஒரு தட்டை ஒதுக்கி, அவற்றை அங்கேயே வைத்துச் செல்லச் சொல்வதும், மாலையில் அரை மணி நேரம் பள்ளியிலேயே எழுதி முடிக்க விடுவதும் போதும். தொடக்கப் பள்ளி மாணவனாயின், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை எடுத்துக் கூறி, பிள்ளையை முன்னதாகச் சாப்பிட அனுப்புமாறு பெற்றோரிடம் சொல்லலாம். மனத்தைப் புண்படுத்தும் தண்டனையையும் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது என்பதை ஆசிரியர் நினைவில் கொள்வது நலம்.

கேள்வி: ஆற்றங்கரைக் குடியிருப்பு அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் பழைய பள்ளியில் தொடர்வதா, புதிய இடத்தில் சேர்வதா? (கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: கல்வியாண்டின் நடுவில் என்றால், பிள்ளையும் பெற்றோரும் விரும்பும் வரை பழைய பள்ளியிலேயே தொடர வேண்டும். வீட்டை இழந்த குழந்தைக்கு மாறாமல் எஞ்சியிருப்பது பள்ளி ஒன்றுதான்: அங்கே அதன் பெயரும் குணமும் தெரிந்த ஆசிரியர் இருக்கிறார், பக்கத்தில் உட்காரும் தோழி இருக்கிறாள், பாதியில் நிற்கும் பாடம் இருக்கிறது. அதையும் ஒரே நாளில் பறிப்பதை மறுவாழ்வு என்று அழைப்பது பொருந்தாது. 2022 மே மாதத்தில், பொதுத்தேர்வுகள் நடந்துகொண்டிருந்த நாட்களில், சென்னை ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டன. அகற்றும் தேதியைக் குறிக்கும் அலுவலர் தேர்வு அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குறிப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை; கோடை விடுமுறை ஆண்டுதோறும் வருகிறது.

அமெரிக்காவின் 1987ஆம் ஆண்டு மெக்கின்னி – வென்டோ சட்டம், தன் பிந்தைய திருத்தங்களுடன் சேர்ந்து, வீடிழந்த மாணவர் முன்பு படித்த பள்ளியிலேயே தொடரும் உரிமையையும், அதற்கான போக்குவரத்தையும், ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கெனப் பொறுப்பான ஓர் அலுவலரையும் உறுதி செய்கிறது. இந்தியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு வேறு பள்ளிக்கு மாறும் உரிமையைத் தருகிறதே தவிர, இடம்பெயர்க்கப்பட்டவர் பழைய பள்ளிக்குப் போய்வரும் வழியைப் பற்றிப் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் இலவசப் பேருந்துப் பயண அட்டை இருக்கிறது. ஆனால் பள்ளி மணி அடிப்பதற்குள் கொண்டுசேர்க்கும் பேருந்து இல்லாதபோது அட்டையால் பயனில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து அக்கல்வியாண்டு முடியும் வரையாவது பள்ளி நேரத்துக்குத் தனிப் பேருந்து விடுவது, வீடு ஒதுக்கும் ஆணையிலேயே இடம்பெற வேண்டிய கடமையாகும்.

மாறுவதே நல்லது என்று குடும்பம் முடிவு செய்தால், தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும், தாமதித்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார். அத்துடன் மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் பிள்ளையின் பெயரைக் காமன் பூல் எனப்படும் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். இந்தச் சிறு வேலை செய்யப்படாமல் பிள்ளைகள் வாரக்கணக்கில் எந்தப் பள்ளியின் கணக்கிலும் சேராமல் நிற்கிறார்கள்.

கேள்வி: பள்ளியில் சேர்த்தால் அதிகாரிகள் குழந்தையைப் பிடித்து இல்லத்தில் அடைத்துவிடுவார்கள் என்று ஒரு தாய் அஞ்சுகிறார். (அங்கன்வாடிப் பணியாளர், கோவை)

பதில்: அத்தாய் அஞ்ச வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. குடும்பத்தோடு வாழ்வதே முதன்மை. வறுமை ஒன்றைக் காட்டிப் பிரிப்பது அதன் நோக்கத்துக்கு மாறானது. உண்டு உறைவிடப் பள்ளி, அதாவது தங்கிப் படிக்க இடமும் உணவும் தரும் பள்ளி, சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் அது தாயும் பிள்ளையும் மனமுவந்து தேர்ந்தெடுப்பதாக இருக்க வேண்டும்.

கேள்வி: தெருவோரப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வழங்கிப் படம் எடுத்து வெளியிடலாமா? (சங்கச் செயலாளர், சேலம்)

பதில்: கூடாது. மறுநாள் அப்படத்தை அவர்களின் வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள்.

கேள்வி: பள்ளி சேர்க்க மறுத்தால் யாரிடம் முறையிடுவது? (பெயர் குறிப்பிடவில்லை)

பதில்: கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம், மூன்று மாதத்துக்குள் அது முடிவு செய்ய வேண்டும், முடிவில் நிறைவில்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். இச்சட்டம் பொதுவாக ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான் பொருந்தும் என்பதால், எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை ஒன்பதாம் வகுப்புக்கு அலையும் நிலை வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். புகாரை நேரில் கொடுப்பவர்கள் அதற்கான ஒப்புகைச் சீட்டைப் பெறாமல் திரும்ப வேண்டாம்.