நம்பிக்கைகளும் உண்மைகளும்: கொலையை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையுமா?

பேராக்கில் தோட்டம் விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் வீடமைப்புகளுக்கு வந்த நம் குடும்பங்களில் ஒரு பையன் கொலை வழக்கில் கைதானால், வழக்கறிஞருக்கு முன்பே அறிவுரைகள் வந்து சேர்ந்துவிடும். அவற்றில் நான்கு இங்கே.

நம்பிக்கை: "302 என்றால் தூக்குதான். ஒப்புக்கொண்டு என்ன பயன்?"

உண்மை: கொலைக்கான தண்டனைச் சட்டம் 302-ஆம் பிரிவில் இருந்த கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4-ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் குறைந்தது 12 பிரம்படியும். பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் பிரம்படி இல்லை.

நம்பிக்கை: "முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் ஒப்புக்கொண்டால் நல்லது."

உண்மை: கொலை வழக்கை விசாரிப்பது உயர் நீதிமன்றம். மாஜிஸ்திரேட் முன் குற்றச்சாட்டை வாசிப்பதோடு சரி. அங்கே வாக்குமூலம் எதுவும் பதிவாகாது.

நம்பிக்கை: "ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு கட்டாயம் கழியும்."

உண்மை: கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைப்பது 1980களில் அன்றைய உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டிய வழக்கம், உரிமை அல்ல. 302-இல் நீதிபதி எவ்வளவு மனமிரங்கினாலும் 30 ஆண்டுக்குக் கீழே போக முடியாது. குற்றச்சாட்டே, கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 304-ஆம் பிரிவுக்கு மாறினால்தான் கணக்கு மாறும்: கொல்லும் நோக்கம் இருந்தால் 30 ஆண்டு வரை, விளைவு தெரிந்தே செய்தது மட்டும் என்றால் 10 ஆண்டு வரை. மாற்றும் அதிகாரம் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் உள்ளது. அவரிடம் எழுத்து மூலம் முறையிடுவது நம் வழக்கறிஞரின் வேலை.

நம்பிக்கை: "கத்தியை எடுத்துக் கொடுத்தால் போலீஸ் பார்த்துக்கொள்ளும்."

உண்மை: தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. விசாரணையில் போலீசிடம் சொன்னதைப் பொதுவாகச் சான்றாக்க முடியாது. ஆனால் சான்றுச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, ஆயுதத்தைக் கண்டெடுக்க வைத்த தகவல் மட்டும் நீதிமன்றம் ஏறும். உதவி என்று நினைத்துச் செய்ததே தனக்கு எதிரான வலுவான சான்றாகலாம். அந்த ஒத்துழைப்புக்குப் பலன் வேண்டுமானால், தண்டனைக்கு முன் வழக்கறிஞர் அதை நீதிபதியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உண்மையை ஒப்புக்கொள்வது தவறல்ல. எதை, யாரிடம், எப்போது ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாமல் செய்வதுதான் ஆபத்து. கைதானவர் வழக்கறிஞரை அணுகலாம் என்று சொல்வது, சில விதிவிலக்குகள் தவிர, போலீசின் கடமை. வசதியில்லாதவர்கள் ஒய்.பி.ஜி.கே. எனும் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். மரண தண்டனைக்குரிய வழக்கில் நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். கைதுச் செய்தி வந்ததும் தெரிந்த 'பெரிய மனிதரை' தேடி ஓடாதீர்கள், வழக்கறிஞரைத் தேடுங்கள்.