நந்தாதேவிப் படுகையின் நில அளவை

கார்வால் இமயமலையிலுள்ள நந்தாதேவிச் சிகரத்தின் (7,816 மீட்டர்) உயரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொலைவிலிருந்து கணிக்கப்பட்டுவிட்டது. அதன் அடிவாரமோ நெடுங்காலம் வரைபடத்தில் தெளிவுறவில்லை. சிகரத்தைச் சூழ்ந்து நிற்கும் மலைவளையமே இதற்குக் காரணமாகும். ரிஷிகங்கை அறுத்துச் செல்லும் குறுகிய பள்ளத்தாக்கின் வழியே 1934-ல் ஷிப்டனும் டில்மனும் மூன்று ஷெர்பாக்களுடன் உட்புகுந்தனர். 1936-ல் இந்திய நில அளவைத் துறையைச் சேர்ந்த ஆஸ்மாஸ்டன் அங்கு சென்று அளவையை மேற்கொண்டார்.

இத்தகைய இடத்தில் சமதள மேசை பெரிதும் பயன்படும். நிற்குமிடம் படத்தில் எங்குள்ளதென முதலில் அறிதல் வேண்டும். இடம் ஏற்கெனவே குறிக்கப்பட்ட மூன்று சிகரங்களை நோக்கி, படத்திலுள்ள அவற்றின் புள்ளிகள் வழியே கோடுகள் வரையப்படும். மேசை திசை பிறழ்ந்திருப்பின் கோடுகள் ஒரு புள்ளியிற் கூடாமல் சிறு முக்கோணத்தை உண்டாக்குவது வழக்கம். மேசையைச் சிறிது சிறிதாகத் திருப்பி அம்முக்கோணத்தை மறையச் செய்தல் வேண்டும். ஆழ்ந்த பள்ளத்தாக்கினுள் மூன்று சிகரங்கள் ஒருங்கே தெரிவதே அரிது. ஆதலின் மேசையைச் சுமந்துகொண்டு முகடுகளில் ஏறுவதன்றி வேறு வழியில்லை. கருவியைக் கையாள்வதினும் இவ்வேற்றமே கடினமானது எனலாம்.

இப்பகுதி 1982-ல் தேசியப் பூங்காவாகவும், 1988-ல் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று, வெவ்வேறு கோணங்களில் எடுத்த இரு செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் சம உயரக்கோடுகள் வரையப்படுகின்றன. எனினும் அடையாளமற்ற வெண்பனிப் பரப்பிலும், செங்குத்துப் பாறைகளின் நிழலிலும் இவ்வொப்பீடு பிழைபடக்கூடும்.