ஒப்பந்தப் பணியும் மனப்பளுவும்

கணிப்பொறித் திட்டம் ஒன்றில் இரு தரப்பினர் உளர். பணியை ஒப்படைக்கும் துறையின் தொழில்நுட்ப மேலாளர் ஒரு தரப்பு. அதை முடித்துத்தர அமர்த்தப்படும் ஒப்பந்தக்காரரும் அவருடைய நிரலாளர்களும் மறு தரப்பு. இவர்களிடையே பெருகிவரும் மன அழுத்தத்தைத் தனிமனிதரின் மனத்திண்மையைப் பற்றிய செய்தியாகக் கருதுவதே வழக்கம். மூச்சுப் பயிற்சி, விடுமுறை, அறிவுரை என்று பரிகாரமும் அவ்வழியிலேயே தேடப்படுகிறது. இவை பயனற்றவை அல்ல. ஆயினும், பளுவின் பெரும்பகுதி ஒப்பந்தத்தின் அமைப்பிலிருந்தே பிறக்கிறது என்பதைப் பொருளியல் மாணவர் எளிதில் உணரக்கூடும்.

அமெரிக்க ஆய்வாளரான ராபர்ட் கராசெக் 1979இல் வெளியிட்ட கோட்பாடு இங்கு பொருந்துவதாகும். வேலையின் கடுமை மட்டும் ஒருவரை முறித்துவிடுவதில்லை. கடுமை மிகுந்தும், அவ்வேலையை எவ்வாறு செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் நிலையிலேயே அழுத்தம் உச்சத்தை எட்டுகிறது என்பது அதன் சாரம். ஒப்பந்த நிரலாளரின் நிலை இதுவே. வியப்பு என்னவெனில், அவரை அமர்த்திய மேலாளரின் நிலையும் ஏறத்தாழ இதுவேயாகும்.

அளவுப் புத்தகம் இல்லாத வேலை

சாலைப் பணியில் ஒப்பந்தக்காரர் வெட்டிய மண் கன மீட்டரில் அளக்கப்பட்டு அளவுப் புத்தகத்தில் பதிவாகிறது. மதிப்பீட்டைவிடக் கூடுதலாக வெட்ட நேர்ந்தால் அதற்கு விகிதம் உண்டு, பட்டியல் உண்டு. மென்பொருளில் அத்தகைய புத்தகம் ஏதும் இல்லை. “சிறு திருத்தம்” என்று துறை கேட்பது சில வேளைகளில் ஒரு மணி நேர வேலையாகவும், சில வேளைகளில் அடித்தளத்தையே பெயர்க்கும் வேலையாகவும் அமைகிறது. விலையும் நாளும் முன்னரே உறுதியாகிவிட்ட ஒப்பந்தத்தில், நெகிழக்கூடியதாக எஞ்சி நிற்பது ஒன்றே: பணியாளரின் இரவு நேரம். துறையின் தெளிவின்மை ஒப்பந்தக்காரரிடமும், அவரிடமிருந்து துணை ஒப்பந்தக்காரரிடமும், இறுதியில் மாதச் சம்பளக்காரரான இளைஞரிடமும் இறங்கிச் செல்கிறது. இடரைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைந்தவரிடமே இடர் சென்று சேர்வதை நல்ல ஒப்பந்தமென்று எந்தப் பொருளியல் நூலும் கூறாது.

இரவு நேரத்திற்கும் விலை உண்டு. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாக, 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் மாண்டனர்.

வேலை பின்தங்கும்போது ஆட்களைக் கூட்டுவது நிர்வாகத்தின் இயல்பு. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் மென்பொருள் பணி ஒன்றை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் ஆட்களைச் சேர்ப்பது அதை மேலும் தாமதமாக்கும் என்று 1975இலேயே எழுதினார். புதியவருக்குக் கற்பிக்கும் சுமை ஏற்கெனவே களைத்திருப்பவர் மீதே விழுகிறது. இது தெரிந்தும், மறுஆய்வுக் கூட்டங்களில் “இன்னும் பத்துப் பேரைப் போடுங்கள்” என்ற ஆணை ஓய்ந்தபாடில்லை.

மேலாளரின் பக்கம்

மேலாளர் சட்டத்தை இயற்றுபவர் அல்லர். நாளைக் குறிப்பவரும் அல்லர். 2017 ஜூலை 1இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், கணக்குப் படிவங்களின் அமைப்பே மாற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பருக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-2, ஜி.எஸ்.டி.ஆர்.-3 ஆகிய படிவங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. விதி மாறும்போதெல்லாம் நிரலும் மாறவேண்டும். வணிகரின் சினமோ கணிப்பொறியின் மீதே பாயும்.

மின்வழிச் சீட்டின் வரலாறு இதைவிடப் பாடம் மிக்கது. 2018 பிப்ரவரி 1இல் நாடெங்கும் ஒரே நாளில் தொடங்கப்பட்ட அம்முறை அன்றே திணறி, ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் ஏப்ரல் 1 முதல் மாநிலங்களிடையே செல்லும் சரக்குக்கும், அதன்பின் மாநிலங்களுக்குள் செல்லும் சரக்குக்குத் தொகுதி தொகுதியாகவும் நடைமுறைக்கு வந்தது. மாறியது தொடங்கும் முறை; அதனால் ஒரே நாளில் வந்து குவியும் சுமை பகிர்ந்தளிக்கப்பட்டது.

மேலாளருக்குத் தணிக்கை அச்சமும் உண்டு. குறைந்த விலை கூறியவரைத் தேர்ந்தெடுத்தால் கேள்வி எழுவதில்லை. தேர்ந்தவரைத் தேர்ந்தெடுத்தால் விளக்கம் எழுதவேண்டும். நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிவுரைகள், ஆலோசனை சாராத பணிகளிலும் தரத்திற்கு 30 விழுக்காடு வரை மதிப்பளிக்க வழிசெய்தன. இவ்வுரிமையைப் பயன்படுத்தத் தயங்குபவர், குறைந்த விலையால் மிச்சமான தொகையைத் தம் உறக்கத்தால் ஈடுசெய்ய நேர்கிறது.

சட்டம் எட்டும் தொலைவு

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிலையங்களைக் கருதி எழுதப்பட்டது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வரம்பை 50 ஆக்கியுள்ளது. குடிநீர், ஓய்வறை, உணவகம் போன்ற நல வசதிகளுக்கு முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்று இது விதிப்பது வரவேற்கத்தக்கது. ஆயின், ஒப்பந்தக்காரரிடம் நிலையாகப் பணிபுரிந்து, காலமுறை ஊதிய உயர்வும் சமூகப் பாதுகாப்பும் பெறுபவர் “ஒப்பந்தத் தொழிலாளர்” என்ற வரையறைக்குள் வருவதில்லை. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் அனுப்பும் நிரலாளர் பலர் இவ்வாறு விலகி நிற்கின்றனர். மேற்பார்வைப் பணியில் மாதம் ரூ. 18,000க்கு மேல் பெறுபவரும் தொழிலாளர் அல்லர்.

ஆகவே, சட்டம் எட்டாத இடத்தில் ஒப்பந்தப் பத்திரமே காவல். திருத்தக் கோரிக்கைகளுக்கு எழுத்துவடிவப் பதிவும் மனிதநாள் விகிதமும் வேண்டும். அதாவது மென்பொருளுக்கும் ஓர் அளவுப் புத்தகம். தாமத இழப்பீடு கணக்கிடும்போது துறை ஒப்புதலுக்கு எடுத்துக்கொண்ட நாட்களைக் கழிக்கவேண்டும். பட்டியல் தொகையும் காலத்தில் சேரவேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்கு மேல் நிலுவை வைத்தால், வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி செலுத்தவேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். வட்டியைக் கேட்டால் அடுத்த ஒப்பந்தம் கைநழுவுமோ என்று அஞ்சும் சிறு ஒப்பந்தக்காரர், அதைக் கேட்பதே அரிது. அவர் நிலுவையைச் சமாளிக்கும் வழி, தம் பணியாளரின் சம்பளத்தை அடுத்த மாதத்திற்குத் தள்ளுவதே. மேலாளரின் மேசையில் ஒப்பமிடப்படாமல் கிடக்கும் கோப்பு, முகமறியாத ஒருவரின் வீட்டு வாடகையாகவும் இருக்கக்கூடும்.