ஆங்கிலக் கடிதம் எழுதப் பழக்குதல்



நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் யூதர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்துக்குப் பிறர் கையையே நம்பியிராமல், அவர்களுடைய எழுத்தைக் கற்கும்படி ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரை மாதத்துக்குள் ஸைத் அவர்கள் அதைக் கற்றுக்கொண்டதாகத் திர்மிதீயில் காண்கிறோம்.

இன்று எழுத்தர் இருந்த இடத்துக்குக் கைத்தொலைபேசி வந்துவிட்டது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-ல் தமிழ் சேர்ந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. விஷயத்தைச் சொன்னால் கடிதம் தயார். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நம் கடைப்பிள்ளைக்குத் தெரியாவிட்டால், நாம் இன்னும் பிறர் கையைத்தான் நம்பியிருக்கிறோம்.

ஆகவே பிள்ளைகளை இவ்வாறு பழக்குவோம்.

முதலாவது, யாருக்கு, என்ன சரக்கு, எத்தனை, எந்தத் தேதி என்பதைத் தமிழில் குறித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே நாலைந்து வரி எழுதட்டும். பிழை இருந்தால் பாதகமில்லை.

மூன்றாவது, அதைக் கருவியிடம் கொடுத்து, திருத்தும்படியும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணத்தைத் தமிழில் சொல்லும்படியும் கேட்கட்டும். அந்தத் திருத்தங்களை நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிவைத்தால் மனத்தில் நிற்கும்.

நான்காவது, அனுப்புமுன் கடிதத்தைத் திரும்பத் தமிழாக்கிப் பார்க்கட்டும். ‘பாக்கியை அனுப்பவும்’ என்று நாம் சொல்வது வராத 12 மூட்டையைக் குறிக்கலாம். வரவேண்டிய பணத்தையும் குறிக்கலாம். கருவி அதைப் பணமாக எழுதிவிட்டால் மொத்த வியாபாரியுடன் மனத்தாங்கல்தான் மிஞ்சும். ‘பாக்கி 12 மூட்டை அரிசி’ என்று முழுதாகச் சொல்லிவிட்டால் வம்பில்லை. தேதியிலும் கவனம் வேண்டும். 5/6 என்றால் நமக்கு ஜூன் 5; அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தால் எழுதுவதே நலம். ஆங்கிலத்தில் விலைக்கும் பரிசுக்கும் உள்ள சொற்கள் ஓர் எழுத்தில்தான் வேறுபடும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று இருந்தாலும் எழுத்துப்பிழை பார்க்கும் கருவி பேசாமல் விட்டுவிடலாம்.

வங்கிக் கணக்கு எண், அடையாள அட்டை எண், வாடிக்கையாளரின் கடன் விவரம் ஆகியவற்றைக் கருவியிடம் கொடுக்கவே கூடாது. அந்த இடங்களை வெறுமையாக விட்டு, பிறகு தானே நிரப்பிக்கொள்ளட்டும். பிறர் கணக்கு நம்மிடம் உள்ள அமானிதம்.

கடனை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா 282-ஆம் வசனம், எழுதுபவர் நீதியோடு எழுதவேண்டும் என்பதோடு, கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லவேண்டும் என்றும் கூறுகிறது. எழுதும் கை வேறாயினும், சொல்லுக்குரிய பொறுப்பு சொல்பவரை விட்டு நீங்குவதில்லை. கருவி எழுதிய கடிதத்துக்கும் இதுவே முறை எனக் கொள்வோம்.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பயிற்சியைக் கடை அடைத்தபின் களைத்த பிள்ளையின் தலையில் சுமத்தவேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம், வியாபாரம் மந்தமான வேளையில், சம்பள நேரத்திலேயே கொடுப்போம். நாளை அவன் தனிக்கடை வைத்தாலும் அந்தக் கல்வி அவனோடு போகும். நமக்கும் அதன் நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ்.