கத்தியின்றித் தோலை இறுக்கலாமா? நாற்பதை நெருங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மார்கழி பிறந்ததும் ஸ்கின் க்ளினிக்குக்குப் போய், "தாடைப் பக்கம் தொங்குற மாதிரி இருக்கு டாக்டர், டைட் பண்ணி விடுங்க" என்று கேட்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த ஆசையில் எந்தத் தவறும் இல்லை, மாதம்தான் தவறு. வெப்பத்தைச் செலுத்தித் தோலை இறுக்கும் சிகிச்சை எதுவாக இருந்தாலும், பலன் முழுதாகத் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். தைக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

அவசரப்படுகிறவர்கள் நேரே மெஷினுக்குப் போய்விடுகிறார்கள். மெஷினோ நான்காவது படி. அதற்கு முன் மூன்று இருக்கின்றன.

## படி 1: தளர்ச்சிதானா என்று பாருங்கள்

காலை வெளிச்சத்தில் ஜன்னலுக்கு எதிரே உட்காருங்கள். வீட்டில் ஒருவரை ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி, நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். செல்ஃபி வேண்டாம்; அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து முகத்தின் வடிவமே மாறித் தெரியும். இந்தப் படங்களை அழிக்காமல் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது படத்தைப் பாருங்கள். நெற்றியைச் சுருக்கும்போதும் சிரிக்கும்போதும் மட்டும் கோடு விழுகிறதா? அது தசையின் வேலை, அதற்குச் சிகிச்சை வேறு, போடாக்ஸ். கண்ணுக்குக் கீழே குழி, கன்னம் வற்றல் என்றால் உள்ளே கொழுப்பு குறைந்திருக்கிறது. தோலை இறுக்கினால் முகம் இன்னும் ஒட்டிப்போகலாம். கன்னத்தில் பழுப்புத் திட்டு இருந்தால் அது மங்கு. வெப்பம் மங்கைக் கிளறிவிடக்கூடும் என்பதால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

தாடைக் கோடு கலங்கியிருப்பது, மோவாய்க்குக் கீழே லேசான தொய்வு, கழுத்தில் கசங்கிய தாள் போன்ற மெல்லிய சுருக்கம், இவைதான் இந்தச் சிகிச்சைகளுக்கு உரியவை. மல்லாந்து படுத்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது இருந்த தொய்வு படுத்ததும் மறைகிறதென்றால் அது தளர்ச்சி. மோவாய்க்குக் கீழே தோல் மடிப்பாகவே தொங்குமளவு முற்றியிருந்தால் எந்த மெஷினும் அதைத் தூக்காது. அறுவை சிகிச்சைதான் வழி என்று அப்போது சொல்பவரே நேர்மையான டாக்டர்.

## படி 2: தோலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

தோலைத் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் என்ற புரத நார். இருபதுகளிலிருந்தே அது ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் சுமார் 30 சதவீதம் வரை போய்விடுகிறது. "இரண்டே வருஷத்தில் முகம் மாறிட்டுது" என்று அந்த வயதில் பெண்கள் சொல்வது மனப்பிரமை இல்லை.

வயதைவிடக் கொடியது வெயில். 28 ஆண்டு லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் படம் 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கித் தொங்க, வலது கன்னம் பல வயது இளமையாக இருந்தது. கண்ணாடியைத் தாண்டி வரும் யூவிஏ கதிர் செய்த வேலை அது. நம் ஊரில் கார் ஓட்டுபவருக்கு அடிபடுவது வலது கன்னம்.

நம் மாநிறத்துக்கு ஒரு நன்மை உண்டு. மெலனின் என்ற நிறமி கவசமாக நிற்பதால் வெள்ளைத் தோலைவிடப் பல ஆண்டுகள் தாமதமாகவே நமக்குச் சுருக்கம் விழுகிறது. அதே மெலனினால், சின்னச் சூடு பட்டாலும் தோல் கருத்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: நமக்குத் தொய்வைவிடக் கருமையே பெரிய ஆபத்து.

## படி 3: மூன்று மாதம் அடித்தளம் போடுங்கள்

சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையக் கூடாது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். பலரும் போடுவது இதில் கால்வாசிதான். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமேற்றிய சன்ஸ்க்ரீனைக் கேட்டு வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது.

இரவுக்கு ட்ரெட்டினாயின். புதுக் கொலாஜனைத் தூண்டுவதில் இதற்கு இருக்கும் அளவு சான்று வேறு எந்த க்ரீமுக்கும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால், பட்டாணி அளவு எடுத்து ஒன்றுவிட்டு ஒரு நாள் தொடங்குங்கள். முதல் வாரங்களில் தோல் உரியும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடக் கூடாது.

இங்கே ஒன்றைக் கவலையோடு சொல்ல வேண்டும். "முகம் பளிச்சுன்னு ஆகும்" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். மெலிந்த தோலில் வெப்பம் பாய்ச்சினால் புண்ணாகலாம். அப்படி ஏதாவது பூசிக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் ட்யூபைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த மூன்று மாதத்திலேயே திருப்தியாகி, மெஷின் எண்ணத்தை விட்டுவிடுபவர்களும் உண்டு.

## படி 4: எந்த மெஷின்?

ரேடியோ ஃப்ரீக்வென்சியை நம் தோலுக்கு முதலில் யோசிக்கலாம். மின் அலைக்குத் தோல் காட்டும் எதிர்ப்பே வெப்பமாக மாறுகிறது. நிறத்தைப் பார்த்து அது பாய்வதில்லை. வெப்பத்தில் பழைய நார்கள் சுருங்கும். அதைக் காயம் என்று எண்ணி உடல் அடுத்த சில மாதங்களில் புது நார் நெய்யும். தெர்மாஜ் என்ற கருவிக்கு 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கண்ணோரச் சுருக்கத்துக்காக அனுமதி தந்தது. ஆழமாகப் பாயும் இவ்வகைக்கு ஒரு சிட்டிங் போதும். மிதமான சூட்டில் செய்பவற்றுக்கு 4 முதல் 6 சிட்டிங் ஆகும்.

அடுத்தது ஹைஃபு என்ற அல்ட்ராசவுண்ட். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தைச் சுட்டிருப்பீர்களே, அதே தத்துவம். மேல்தோல் சுடாமல் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் புள்ளி புள்ளியாக 60 முதல் 70 டிகிரி வெப்பம் உண்டாகும். 4.5 என்பது ஃபேஸ்லிஃப்ட் அறுவையில் இழுத்துத் தைக்கும் சவ்வின் ஆழம். 2009இல் எஃப்டிஏ அனுமதி பெற்ற அல்தெரபியில் உள்ளே எங்கே சுடுகிறோம் என்று திரையில் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஹைஃபு என்ற பெயரில் விற்கும் எல்லாக் கருவியிலும் அந்த வசதி கிடையாது. ஒல்லி முகத்தில் ஆழம் தவறினால் கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டும். தாடையோர நரம்பில் பட்டால் உதடு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் வாரங்களில் சரியாகிவிடும், ஆனாலும் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

ஊசி வழியே ரேடியோ ஃப்ரீக்வென்சி செலுத்துவது மூன்றாவது. பருத் தழும்பும் தளர்ச்சியும் சேர்ந்திருப்பவர்களுக்குப் பயன்படும். ஆனால் இந்த வகையால் தீக்காயம், தழும்பு, கொழுப்பிழப்பு, நரம்பு பாதிப்பு நேர்ந்ததாகப் புகார்கள் வந்ததை அடுத்து 2025 அக்டோபரில் எஃப்டிஏ எச்சரிக்கை வெளியிட்டது. கைதேர்ந்தவரிடம் மட்டுமே செய்துகொள்ளுங்கள்.

மேல்தோலைச் சீவும் லேசரும் ஐபிஎல் என்ற ஒளிச் சிகிச்சையும் மாநிறத்தைக் கருக்கவைக்கும் வாய்ப்பு அதிகம். தளர்ச்சிக்காக மட்டும் அவற்றை நாட வேண்டாம் என்பது என் கருத்து.

## படி 5: பணம் கட்டுமுன்

தோல் மருத்துவத்தில் எம்டி அல்லது டிப்ளமோ முடித்தவரா, மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு உண்டா என்று பாருங்கள். கருவியைப் பிடிக்கப்போவது அவரா, உதவியாளரா என்று நேராகவே கேளுங்கள். உங்கள் நிறத்தவர்களின் முன்-பின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைக்காரர் முகத்தில் கிடைத்த பலன் நமக்கு உத்தரவாதம் இல்லை.

பேஸ்மேக்கர், முகத்தில் உலோகத் தகடு, கர்ப்பம், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, அடிக்கடி உதட்டில் வரும் அக்கிக் கொப்புளம், சாப்பிடும் மாத்திரைகள் என ஒன்றையும் மறைக்காதீர்கள். அழகுக்கான சிகிச்சை என்பதால் காப்பீடு கைகொடுக்காது. ஜிஎஸ்டியும் சேரும், அதையும் சேர்த்தே மொத்தத் தொகையைக் கேளுங்கள்.

## படி 6: அன்றும் அதன் பிறகும்

மரத்துப்போகும் க்ரீம் தடவி முக்கால் மணி நேரம் உட்காரவைப்பார்கள். சூடும் சுருக்கென்ற குத்தலும் இருக்கும். ஒரே இடம் மட்டும் எரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சில மணி நேரம் சிவப்பு, சில நாள் லேசான வீக்கம் இயல்பு. கொப்புளமோ, வாய் கோணுவதோ, புதிதாகக் கருமையோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இரண்டு வாரம் ஃபேஷியல், ப்ளீச், ஆவி பிடித்தல், ஸ்க்ரப் எதுவும் வேண்டாம்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே ஜன்னல், அதே தூரம், அதே நேரத்தில் மறுபடி படம் எடுங்கள். மாற்றம் மிதமாகத்தான் இருக்கும்: தாடைக் கோடு கொஞ்சம் தெளிந்திருக்கும், கழுத்து கொஞ்சம் வழவழப்பாகியிருக்கும். படம் எடுத்தவரிடம் எது பழையது, எது புதியது என்று சொல்லாமல் காட்டுங்கள். அவர் சரியாகச் சொன்னால், ஓராண்டு ஒன்றரையாண்டு கழித்து இன்னொரு சிட்டிங் பற்றி யோசிக்கலாம். அவருக்கே பிடிபடவில்லை என்றால், அதே மெஷினுக்கு இரண்டாம் முறை பணம் கட்டாதீர்கள்.